வெக்கையை விரட்டியவர்கள்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். பாடத்தின் நடுவே "வெக்கை" என்ற சொல் வந்தது. அதற்குப் பொருள் என்னவென்று கேட்டோம்.

"புழுக்கம்" என்றான் ஒருவன். "கத்திரி வெயில்" என்றான் இன்னொருவன். "மின்சாரம் நின்று போனால் வீட்டுக்குள்ளே வருமே, அதுதான் ஐயா!" என்றாள் ஒரு சிறுமி. வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். விடைகள் எல்லாம் சரியானவையே.

"இந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. அது யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டோம். நாற்பது பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் அவர்களில் பாதிப் பேர் வீட்டில் மாடு கன்று உள்ளவர்கள்.

நம்முடைய பாட்டனாரின் இளமைக் காலத்தில் அந்த வார்த்தையை விளக்கு வைத்த பிறகு வீட்டில் உச்சரிக்கவே அஞ்சுவார்கள். அப்படி ஊரை நடுங்க வைத்த ஒரு சொல், இரண்டு தலைமுறைக்குள் வெறும் வெயிற்காலப் பேச்சாகிவிட்டது. இது தானாக நடந்ததன்று. ஊர் ஊராகச் சென்று இதை நடத்திக் காட்டியவர்கள் சிலர் உண்டு. அவர்கள் யார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. சொல்லத் தொடங்கியபோதுதான், பிள்ளைகளைப் போலவே பெரியவர்களிலும் பலர் இதை அறியமாட்டார்கள் என்பது புலப்பட்டது.

ஒரு கிணறும் இரண்டு எருதும்

எங்கள் பூர்வீகக் கிராமம் தாராபுரத்துக்குச் சமீபத்தில் உள்ளது. ஆற்றுப் பாசனம் இல்லாத மேட்டுப் பூமி. மின்சார மோட்டார் வருவதற்கு முந்திய காலத்தில் அங்கே வெள்ளாமை என்பது கவலை இறைப்பைப் பொறுத்தது. இரண்டு எருதுகள் கிணற்று மேட்டிலிருந்து சரிவில் இறங்கிக் கயிற்றை இழுத்தால்தான் தண்ணீர் மேலே வரும். எருது நின்றால் தண்ணீர் நின்றுவிடும். தண்ணீர் நின்றால் பயிர் போய்விடும்.

பாட்டனாருக்கு அப்போது பன்னிரண்டு வயது. பக்கத்துத் தோட்டக்காரர் சந்தையில் ஒரு ஜோடி எருது வாங்கி வந்தார். ஒரு வாரம் சென்றது. அவற்றில் ஒன்று அசை போடாமல் நின்றது. மறுநாள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கண்களிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர் வடிந்தது. வாய்க்குள் புண் கண்டு, தொழுவத்துக்குள் நுழைய முடியாதபடி துர்நாற்றம் வீசிற்று. பிறகு கழிச்சல் தொடங்கியது. நாலைந்து நாளில் எருது விழுந்துவிட்டது. அதற்குள் பக்கத்துக் கட்டுத்தறிகளிலும் மாடுகள் அசை போடுவதை நிறுத்தியிருந்தன.

எங்கள் கட்டுத்தறியில் நின்ற ஏழு உருப்படிகளில் ஐந்து போயின. கவலை நின்றது, தோட்டத்தில் நின்ற புகையிலை கருகியது. பூட்டனார் நிலத்தில் பாதியை அடமானம் வைத்து மறுபடியும் எருது வாங்கினார். பாட்டனாரின் பள்ளிப் படிப்பு அந்த வருஷத்தோடு முடிந்தது.

நாம் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று ஊருக்குச் சென்ற அன்று, அவர் நம் தலையைத் தடவி, "கண்ணு, என் படிப்பு மாடு மேய்க்கப் போயி நின்னதுன்னு ஊரிலே சொல்லுவாங்க. அப்படியில்லே. என் படிப்பை வெக்கை தின்னுட்டுது" என்றார்.

வெக்கை நோய் மாட்டைத்தான் கொன்றது, மனிதனைத் தொடவில்லை. ஆனால் மாட்டை நம்பிய குடும்பத்தை அது விட்டுவைக்கவில்லை. எத்தியோப்பியா தேசத்தில் 1888 முதல் 1892 வரை இந்த நோய் மாடுகளில் பத்துக்கு ஒன்பதைக் கொன்றது. உழுவதற்கு எருதில்லாமல் நிலம் தரிசாகக் கிடந்தது. வறட்சியும் வெட்டுக்கிளியும் சேர்ந்துகொள்ள, அந்தப் பஞ்சத்தில் ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கினர் மடிந்ததாகச் சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

ஆஸ்பத்திரி பிற்பாடு வந்தது

கால்நடை டாக்டர் என்றவுடன் நம் மனக் கண்ணில் தோன்றுவது எது? ஊர்க் கோடியில் ஒரு மாட்டாஸ்பத்திரி. வாசலில் இரும்புக் குழாய்களால் ஆன ஒரு கூண்டு. அதற்குள் மிரண்டு நிற்கும் ஒரு பசு. முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர். பட்டணத்திலுள்ளவர்களுக்கோ, மேஜைமேல் நிற்கும் ஒரு நாய்க்குட்டியும் அதன் உரிமையாளரும் நினைவுக்கு வரலாம். இந்தச் சித்திரத்தில் பிழையில்லை. ஆனால் இது முழுச் சித்திரமன்று.

இந்தத் தொழிற்கல்வி பிறந்த கதையே வேறு. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் நிறுவப்பட்டது. நிறுவியவர் குளோத் பூர்ழெலா என்பவர். அக்காலத்தில் ஐரோப்பாவை வெக்கை நோய் மீண்டும் மீண்டும் சூறையாடிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கும் ஆட்களைப் பயிற்றுவிக்கவேண்டும் என்பது அந்தப் பள்ளியின் முக்கியமான நோக்கங்களில் ஒன்று. மாணாக்கர்களைப் படிக்கும்போதே நோய் கண்ட கிராமங்களுக்கு அனுப்பினார்கள். ஆகவே, கால்நடை மருத்துவன் முதன் முதலில் நுழைந்த இடங்களில் ஒன்று கிராமத்துத் தொழுவம் என்று சொல்லலாம்.

இன்னொரு செய்தியும் நினைக்கத் தக்கது. 1920-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து பிரேஸிலுக்குச் சில மாடுகளைக் கப்பலில் ஏற்றிச் சென்றார்கள். வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் அவை இறக்கப்பட்டன. அவற்றோடு வெக்கையும் இறங்கிற்று. பெல்ஜியத்து மாடுகள் மடியத் தொடங்கியதும் பல தேசங்கள் விழித்துக்கொண்டன. ஒரு நாட்டின் தொழுவத்தில் எரியும் நெருப்பை மற்ற நாடுகள் மறைத்து வைக்காமல் அறிவிக்கவேண்டும் என்று பேசி, 1924-ஆம் ஆண்டில் 28 தேசங்கள் பாரிஸ் நகரில் கூடி, மிருக நோய்களுக்காக ஓர் உலக ஸ்தாபனத்தை அமைத்தன. மனிதர்களின் உடல் நலத்துக்காக உலக சுகாதார ஸ்தாபனம் தோன்றியது 1948-ல்தான். நோய்க்கு எல்லைக்கோடு தெரியாது என்ற பாடத்தை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவற்றுள் கப்பலேறிய நம் நாட்டு மாடுகளும் உண்டு!

மலை உச்சியில் ஒரு சோதனைச் சாலை

நம் தேசத்தில் இந்த வேலைக்கான சோதனைச் சாலை 1889-ல் பூனாவில் தொடங்கப்பட்டு, 1893-ல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. கடல் மட்டத்துக்கு ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட இடம். கொடிய கிருமிகளை வைத்துச் சோதனை செய்வதற்கு ஊர்களை விட்டு விலகிய குளிர்ந்த இடம் தேவைப்பட்டது. அங்கே 1920-களில் பணியாற்றிய எட்வர்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார். மாட்டைக் கொல்லும் வெக்கைக் கிருமியை ஆட்டின் உடம்பில் செலுத்தி, அந்த ஆட்டிலிருந்து வேறோர் ஆட்டுக்கும், அதிலிருந்து மற்றோர் ஆட்டுக்குமாகப் பல முறை மாற்றிக்கொண்டே போனால், கிருமியின் உக்கிரம் குறைகிறது. அப்படிச் சாந்தமான கிருமியை மாட்டுக்குச் செலுத்தினால் மாடு சாவதில்லை. பிறகு அதை வெக்கை அண்டுவதுமில்லை.

சென்னை ராஜதானியிலும் இதே நோக்கத்துடன் 1932-ல் ராணிப்பேட்டையில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. அங்கிருந்துதான் நம் ஜில்லாக்களுக்கு மருந்து சென்றது. அதைக் கொண்டு செல்லும் ஆட்களைச் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தயாரித்தது. 1903-ல் சைதாப்பேட்டையில் ஆரம்பமான அந்தக் கல்லூரி சில ஆண்டுகளில் வேப்பேரிக்கு மாறிற்று. 1936-ல் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்து, கால்நடை மருத்துவத்தில் பட்டம் அளிக்கத் தொடங்கிய முதல் இந்தியக் கல்லூரியாயிற்று.

மருந்து கிடைத்துவிட்டது, கல்லூரியும் வந்துவிட்டது. ஆனாலும் நோய் ஒழியவில்லை. ஏனென்றால் மருந்து இருப்பது ஒன்று; அது மாட்டின் தோலுக்குள் செல்வது மற்றொன்று. நோய் வந்த ஊருக்கு ஓடிச் சென்று ஊசி போடுவதற்குள் அது அடுத்த சந்தைக்குப் போய்விடும். ஆகவே, சுதந்தரம் பெற்ற இந்திய சர்க்கார் 1954-ல் ஒரு துணிகரமான முடிவுக்கு வந்தது. நோய் வரும்வரையில் காத்திருப்பதில்லை. தேசத்திலுள்ள மாடுகள் எருமைகள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஊசி போட்டுவிடுவது என்பதே அது. எத்தனை கோடி உருப்படிகள்! எத்தனை லட்சம் கிராமங்கள்! சாலை இல்லாத ஊர் எத்தனை, ஆறு குறுக்கிடும் ஊர் எத்தனை!

அந்த நாட்களில் எங்கள் கிராமத்துக்கும் ஒரு டாக்டர் வந்தார். சைக்கிளில் வந்தார் என்று பாட்டனார் சொல்வார். பின்னால் பனிக்கட்டி வைத்த ஒரு ஜாடி. மருந்து சூடேறினால் வீணாகிவிடும் அல்லவா? அவர் வருகிறார் என்று தெரிந்ததும் ஊரார் பாதிப் பேர் மாடுகளைக் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஊசி போட்டால் பால் வற்றிவிடும், சினை கலைந்துவிடும் என்று பேச்சு. அந்தப் பயம் முழுவதும் ஆதாரமற்றது என்று சொல்வதற்கில்லை. ஆட்டிலிருந்து எடுத்த அந்த மருந்து சில மாடுகளுக்கு இரண்டொரு நாள் காய்ச்சலைத் தந்ததுண்டு. பாலும் சிறிது குறைந்ததுண்டு. காய்ச்சல் கண்ட பசுவைப் பார்த்த குடியானவனுக்கு, அடுத்த வருஷம் வரப்போகும் வெக்கை கண்ணுக்குத் தெரிவதில்லை.

டாக்டர் கோவில் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அன்று மாலை பாட்டனார் தம்முடைய எருது ஜோடியை முதன் முதலில் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். "ஐந்து உருப்படி தோற்றவன் நான். இனிமேல் எனக்கு ஊசியைக் கண்டு என்ன பயம்?" என்றாராம். மூன்றாம் நாள் அந்த எருதுகள் கவலை இழுப்பதை ஊர் பார்த்தது. பிறகு காட்டிலிருந்து மாடுகள் திரும்பி வந்தன.

மருந்தைக் காட்டிலும் நம்பிக்கையை ஏற்றுவதுதான் கடினமான வேலை என்பது இதனால் விளங்கும். கால்நடைக் கல்லூரியில் உடற்கூறு படிக்கலாம். கிருமி சாஸ்திரம் படிக்கலாம். ஆனால் கோவில் திண்ணையில் பொறுமையோடு உட்கார்ந்திருப்பதை ஊர்தான் கற்றுக் கொடுக்கவேண்டும்.

இல்லாததைத் தேடியவர்கள்

பல்லாண்டு காலம் இப்படிப் பாடுபட்ட பின் நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிக்கொண்டேயிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகளின் உதவியோடு கடைசிப் போர் ஆரம்பமாயிற்று. இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தலைகாட்டியது 1995-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். எங்கே தெரியுமா? நம்முடைய தமிழ்நாட்டில், வட ஆற்காடு ஜில்லாவில். அதற்கு எதிரான மருந்தைத் தயாரித்த ராணிப்பேட்டை நிலையமும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது.

அத்துடன் கதை முடிந்தது என்று நேயர்கள் நினைக்கக்கூடும். உண்மையில் டாக்டர்களுக்கு அதன் பிறகே விசித்திரமான ஒரு வேலை வாய்த்தது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர் ஒருவர் வசிக்கிறார். வயது எழுபத்தைந்துக்கு மேல். மாலையில் திண்ணையில் அமர்ந்து பத்திரிகை படிப்பார். வகுப்பில் நடந்ததை அவரிடம் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரு பிள்ளைக்குக்கூடத் தெரியவில்லையா?" என்று மறுபடியும் கேட்டார். அவருக்கு வருத்தம் என்று நினைத்தோம். முகத்தைப் பார்த்தால் சந்தோஷமாக இருந்தது.

"ஐயா, நோய் ஒழிந்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம்.

"தேடினோம், வாத்தியார் சார்."

"எதை?"

"வெக்கையை."

அவர் விளக்கிச் சொன்னார். நோய் இல்லை என்று நாம் சொன்னால் உலகம் நம்பாது, நிரூபிக்கவேண்டும். அதற்காக முதலில் ஊசி போடுவதை நிறுத்தினார்கள். பிறகு ஊர் ஊராகச் சென்று, நோய் கண்ட மாட்டின் படத்தைக் காட்டி, "இப்படி வாயில் புண்ணும் கண்ணில் நீரும் கழிச்சலுமாக ஏதாவது மாடு பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். சந்தையில் தரகர்களைக் கேட்டார்கள். ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டார்கள். தோல் வியாபாரிகளையும் விடவில்லை. ஊசி நிறுத்திய பிறகு பிறந்த கன்றுகளின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். ஊசியும் போடாமல், நோயும் வராமல் வளர்ந்த கன்றின் இரத்தத்தில் வெக்கையை எதிர்க்கும் சக்தி இருக்கக்கூடாது. இருந்தால், எங்கோ அந்தக் கிருமி இன்னும் உலவுகிறது என்று அர்த்தம்.

"எத்தனை ஊர் அலைந்திருப்பேன் என்று கணக்கில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வீட்டில், 'இன்றைக்காவது ஏதாவது கிடைத்ததா?' என்பாள். 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்பேன். 'ஒன்றும் கிடைக்காத வேலைக்கா சர்க்கார் சம்பளம் கொடுக்கிறது?' என்று சிரிப்பாள்" என்றார் டாக்டர்.

அந்த "ஒன்றும் கிடைக்கவில்லை" என்ற அறிக்கைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துதான் 2006-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியா வெக்கைக் கிருமி அறவே அற்ற தேசம் என்று உலக ஸ்தாபனத்தால் ஒப்புக்கொள்ளப்பட்டது. உலகத்தில் கடைசியாக அந்த நோய் காணப்பட்டது 2001-ல், கென்யாவின் காட்டெருமைகளிடையே. 2011-ஆம் ஆண்டில் வெக்கை பூமியிலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மனித முயற்சியால் அடியோடு ஒழிக்கப்பட்ட தொற்று நோய்கள் இதுவரை இரண்டே. ஒன்று பெரியம்மை, மற்றொன்று வெக்கை.

"அந்தச் செய்தி வந்த தினம் என்ன செய்தீர்கள்?" என்றோம்.

"பத்திரிகையில் ஓர் ஓரத்தில் சிறியதாகப் போட்டிருந்தது. படித்துவிட்டுக் காப்பி குடித்தேன்" என்றார்.

தெருவிலும் காட்டிலும்

வெக்கையின் கதையை விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதே விதமான வேலை இன்றும் நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் நாம் அதைக் கவனிப்பதில்லை.

வெறிநாய்க்கடியை எடுத்துக்கொள்வோம். நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. கடிபட்டவுடன் காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டால் உயிர் தப்பலாம். மனிதருக்கு இந்நோய் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் மூலமாகவே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே, மனிதனைக் காப்பாற்ற நாய்க்கு ஊசி போடவேண்டும். ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டுவிட்டால், நோய் தாவுவதற்கு இடமின்றித் தானே அவிந்துவிடுகிறது.

கோவாவில் இதைச் செய்து காட்டினார்கள். 2013-ல் தொடங்கிய முயற்சி படிப்படியாக அந்த ராஜ்யம் முழுவதும் பரவிற்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 95,000 நாய்களுக்கு ஊசி போடப்பட்டது. டாக்டர்கள் வலையும் கையுமாகத் தெருத் தெருவாக நடந்தார்கள். நாய் எப்போது கடிக்கும், கடித்தால் என்ன செய்யவேண்டும் என்று பள்ளிக்கூடங்களிலும் பாடம் சொன்னார்கள். பலன் என்ன? 2018 முதல் மூன்று ஆண்டுகள் அங்கே வெறிநாய்க்கடியால் ஒரு மனித உயிரும் போகவில்லை. அந்த உயிர்கள் யாருடையவை என்று யாராலும் சொல்ல முடியாது. தம் உயிரைக் காத்தவர் ஒரு கால்நடை டாக்டர் என்பது அந்த மனிதர்களுக்கே தெரியாது.

சமையலறையில்கூட இந்தத் தொழிலின் கை உண்டு. ஆட்டுத்தொட்டியில் அறுப்பதற்கு முன்பு ஆட்டையும், அறுத்த பிறகு இறைச்சியையும் பார்த்து முத்திரை குத்தவேண்டியவர் கால்நடை டாக்டர். முத்திரை இல்லாத இறைச்சியை வாங்காதிருப்பது அவருக்கு நாம் செய்யும் உதவி. மாட்டுக்கு வரும் கருச்சிதைவு நோய் காய்ச்சாத பால் வழியே மனிதருக்கும் வரும். அதைத் தொழுவத்திலேயே தடுப்பவரும் அவரே.

காட்டுக்குள்ளும் இவர்கள் போயிருக்கிறார்கள். 'டாக்டர் கே' என்று அன்பர்கள் அழைத்த வி. கிருஷ்ணமூர்த்தியைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். ஜெயமோகன் எழுதிய 'யானை டாக்டர்' கதை அவரைக் கொண்டு பிறந்ததே. 1929-ல் பிறந்து 2002-ல் மறைந்த அவர், தமிழ்நாட்டு வனத்துறையில் யானைகளுக்கு வைத்தியராக நெடுங்காலம் பணியாற்றினார். காட்டில் செத்துக் கிடக்கும் யானையைப் புதைத்துவிட்டுப் போகாமல், அழுகிய உடலையும் அறுத்துச் சோதித்து, இறந்தது நோயாலா, குண்டாலா என்று கண்டு எழுதிவைக்கவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். செத்த யானைக்கு வைத்தியம் ஏது? அந்தச் சோதனை உயிரோடிருக்கும் மற்ற யானைகளுக்காக. தந்தத்துக்காகச் சுட்டவன் தப்பிவிடக்கூடாது என்பதற்காகவும்தான்.

நம் வாசலுக்கு வரும்போது

இப்போது ஆட்டுக்கொல்லி நோயை 2030-ஆம் ஆண்டுக்குள் உலகிலிருந்து ஒழிப்பதென்று தேசங்கள் தீர்மானித்திருக்கின்றன. அது வெக்கைக் கிருமியின் உறவுக் கிருமியே. ஏழை விதவையின் இரண்டு வெள்ளாடுகளைக் கொண்டுபோகும் நோய் அது. கோமாரி நோயை அடக்குவதற்கு 2019-ல் நம் தேசமெங்கும் தொடங்கிய திட்டத்தின்படி மாடுகளுக்கு இலவசமாக ஊசி போடுகிறார்கள். வெறிநாய்க்கடி மரணங்களை ஒழிக்கவும் 2030-ஐயே குறியாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஊரில் கேட்கும் பேச்சு என்னவோ பழைய பேச்சாகவே இருக்கிறது. "ஊசி போட்டால் பால் குறையும்", "இந்த முறை வேண்டாம், அடுத்த முறை பார்க்கலாம்", "எங்கள் நாய் யாரையும் கடிக்காது." சென்ற ஆண்டு எங்கள் தெருவுக்கு நாய்களுக்கு ஊசி போட வந்தவர்களை இரண்டு வீட்டார் உள்ளேயே விடவில்லை. படித்த குடும்பங்கள்தாம். வெக்கை இருந்த காலத்தில் அதைக் கண்டு பயந்த ஜனங்கள் ஊசிக்குப் பயந்ததில் ஒரு நியாயமாவது இருந்தது. நோயையே காணாத நாம் எதைக் கண்டு பயப்படுகிறோம்?

நோய் வந்து தீர்ப்பவருக்குக் கைமேல் பலன் உண்டு. நன்றி சொல்லவும் ஆள் உண்டு. நோய் வராமல் செய்பவருக்கு இரண்டும் கிடையாது. அவருடைய வேலை எவ்வளவு நன்றாக நடந்ததோ அவ்வளவுக்கு அது மறக்கப்படுகிறது. மறக்கப்படுவதில் அவருக்கு நஷ்டமில்லை. நமக்குத்தான் நஷ்டம். ஏனெனில், மறந்தவர்கள் அடுத்த முறை கதவைத் திறப்பதில்லை.

மறுநாள் வகுப்பில் வெக்கையின் இன்னொரு பொருளைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். பாட்டனாரின் ஐந்து உருப்படிகளைப் பற்றியும், சைக்கிளில் வந்த டாக்டரைப் பற்றியும், ஒன்றும் கிடைக்காமல் ஊர் ஊராக அலைந்தவர்களைப் பற்றியும் சொன்னோம். வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்கு இந்த முறை ஊசி போடவில்லை. அப்பா வயலுக்குப் போயிருந்தார்" என்றான்.

"அடுத்த முறை எப்போது வருவார்கள் என்று மாட்டாஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு வா" என்றோம்.

இரண்டு நாட்களில் அவன் கேட்டுக்கொண்டு வந்துவிட்டான். தேதியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தோம். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து, தங்கள் வீட்டிலுள்ள மாடு, ஆடு, நாய் இவற்றின் எண்ணிக்கையை அதன் கீழே எழுதினார்கள்.